லேஅவுட்டில் ஓடும் பஸ், நடக்கும் ஆட்கள்: வாசகர் கேள்வி பதில்

லேஅவுட், அதாவது சாலை, கட்டடங்களோடு மாதிரி ரயில் அமைத்தவர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சாலையைப் பற்றியவை. ரயில் ஓடுகிறது, சிக்னல் மாறுகிறது, ஆனால் கேட் அருகே நிற்கும் பஸ் நாள் முழுக்க அசையாமல் நிற்கிறது என்கிற குறை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒன்பதுக்குப் பதில் தருகிறோம். வேறு அளவு குறிப்பிடாத இடங்களில் எல்லாம் எச்.ஓ. அளவை, அதாவது 1:87 விகிதத்தை வைத்தே கணக்குச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பஸ், ஆட்டோ, சைக்கிள், நடந்து போகிறவர்கள் எல்லாம் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடு போதுமா? (மதுரை வாசகர்)

போதாது. ஓட வேண்டிய பொருளுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்குமா என்பதை முதலில் பாருங்கள். வழி அதிலேயே தீர்மானமாகிவிடும்.

12 மீட்டர் பஸ் 1:87-இல் 138 மி.மீ. நீளம். அதற்குள் 6 மி.மீ. விட்டமுள்ள கியர் மோட்டார், 100 மில்லி ஆம்பியர்-அவர் லித்தியம் பாலிமர் பேட்டரி, காந்தம் அருகே வந்தால் இயங்கும் ஒரு ரீட் சுவிட்ச் எல்லாம் தாராளமாக அடங்கும். இதற்கு ஏற்றது சாலைக்கடியில் புதைத்த இரும்புக் கம்பி. ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனம் 1989-இல் ‘கார் சிஸ்டம்’ என்று கொண்டுவந்தது இதைத்தான். முன்சக்கரத்தோடு இணைந்த சிறிய கையின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். அது கம்பியைப் பற்றிக்கொண்டே போக, சக்கரமும் கூடவே திரும்பும். ஹாம்பர்க்கில் 2001 முதல் இயங்கும் மினியாட்டூர் வுண்டர்லேண்டில் தீயணைப்பு வண்டிகளும் லாரிகளும் ஓடுவது இதே அடிப்படையில்தான். அங்கே கணினிக் கட்டுப்பாட்டைப் பெரிய அளவில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆட்டோ வெறும் 30 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம். அதற்குள் மோட்டாரைத் திணிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆட்டோ, சைக்கிள், ஆட்கள், மாடு இவற்றுக்கெல்லாம் சாலைக்கடியில் காந்தம் ஓட வேண்டும், மேலே இருக்கும் உருவம் அதன் பின்னால் இழுபட்டு வர வேண்டும். நெதர்லாந்தின் மேக்னோரெயில் இந்த வகை. பல்பெல்ட் வாங்கி நாமே செய்துகொள்ளவும் முடியும், விவரம் கீழே இருக்கிறது.

மூன்றாவது வகை, நின்ற இடத்திலேயே அசையும் உருவங்கள். கொடி காட்டும் கேட் கீப்பர் போன்றவை. அவற்றுக்கு, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் ஒன்று போதும்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு எங்கள் யோசனை: ஒரு பஸ், ஒரு கேட் கீப்பர், இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரியான வேகத்தில் வந்து கேட்டில் நின்று, ரயில் போனபின் கிளம்புகிற ஒரே பஸ் தரும் நிறைவை, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பத்து வண்டிகள் தருவதில்லை.

கேள்வி: வழிகாட்டிக் கம்பிக்கு எதை வாங்குவது? கட்டுமானக் கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பியைப் பதித்தேன். இரண்டு மாதத்தில் சாலை மேலே பழுப்புக் கோடு தெரிகிறது. (திருநெல்வேலி வாசகர்)

அது துரு. முலாம் பூசாத கம்பியின் மேல் தண்ணீரில் கரையும் பட்டியைப் பூசினால், பட்டி காயும்போதே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். அது பெயின்டையும் ஊடுருவி மேலே வரும். மறுபடி பெயின்ட் அடித்தாலும் சில வாரங்களில் கோடு திரும்ப வரும். கம்பியை எடுத்துவிட்டு வேறு போடுவதுதான் வழி.

வாங்க வேண்டியது 26 கேஜ் ஜி.ஐ. கம்பி, சுமார் 0.45 மி.மீ. தடிமன். துத்தநாக முலாம் இருப்பதால் துருவேறாது, உள்ளே இரும்பு என்பதால் காந்தம் பிடிக்கும். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். செம்பு, அலுமினியம் ஆகாது. பாத்திரக் கடைகளில் பார்க்கும் ஸ்டெயின்லெஸ் வகைகள் பலவற்றைக் காந்தம் பிடிக்காது. கிட்டார் தந்தி காந்தத்துக்குப் பிடிக்கும், ஆனால் விறைப்பானது. வளைவில் படுக்காமல் துள்ளி எழுந்து பட்டியைப் பெயர்க்கும். கட்டுக்கம்பி 1 மி.மீ. தடிமனை ஒட்டி வருவதால் பள்ளமும் பெரிதாகிவிடும்.

பதிக்கும் முறை: சாலைக்கு 5 மி.மீ. சன்போர்டு, அதாவது பி.வி.சி. ஃபோம் ஷீட் நல்லது. எம்.டி.எஃப். பலகை மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், கம்பி இருக்கும் இடத்தில் மேடு தட்டும். சாலைக் கோட்டைப் பென்சிலால் வரைந்து, அக்ரிலிக் ஷீட் அறுக்கும் கொக்கிக் கத்தியால் 0.6 மி.மீ. ஆழத்துக்கு ஒரே சீராகக் கீறுங்கள். வளைவுகளுக்கு 3 மி.மீ. அக்ரிலிக்கில் ஒரு அச்சு வெட்டி, அதன் விளிம்பை ஒட்டியே கத்தியை இழுக்க வேண்டும். கைக்கணக்கில் இழுத்த வளைவில் சின்னச் சின்ன முறிவுகள் விழும். ஒவ்வொரு முறிவிலும் பஸ் தலையை ஆட்டும்.

கம்பியை நேராக்க ஒரு முனையைப் பட்டறைப் பிடியில் மாட்டி, மறுமுனையைக் குறடால் பிடித்து ஒரு முறை நன்றாக இழுங்கள். சுருள் போய்விடும். பிறகு பள்ளத்தில் வைத்து, 5 செ.மீ.க்கு ஒரு சிறு சொட்டு சூப்பர் குளூ. இப்போது பட்டி பூசாதீர்கள். முதலில் பஸ்ஸை அரை மணி நேரம் ஓட விடுங்கள். எங்கே கம்பியை விட்டு விலகுகிறதோ அந்த இடத்தைத் திருத்துவது இந்தக் கட்டத்தில் எளிது, பட்டியும் பெயின்டும் ஏறிய பிறகு பெரும் வேலை. எல்லாம் சரியானபின் அக்ரிலிக் பட்டியை மெல்லியதாக இழுத்து, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மேட் அக்ரிலிக் பெயின்ட் அடிக்கலாம். கம்பியின் மேல் மொத்தப் பூச்சு 0.3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

இரண்டு கம்பி சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாதீர்கள். நேர்ப்பாதையில் 1 மி.மீ. இடைவெளி இருந்தாலும் பஸ் தாண்டிவிடும். வளைவில் மட்டும் இணைப்பே வேண்டாம். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: சாலைக்குக் கீழே சட்டத்தில் அடித்த இரும்பு ஆணி, ஸ்க்ரூ ஆகியவையும் காந்தத்தை இழுக்கும். கம்பியிலிருந்து 2 செ.மீ.க்குள் இரும்பு இருந்தால் அதைக் கழற்றிப் பித்தளை ஸ்க்ரூ போடுங்கள்.

கேள்வி: நேர்ப்பாதையில் ஒழுங்காகப் போகும் பஸ், வளைவில் பின்சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றிவிடுகிறது. காந்தம் போதவில்லையா? (சேலம் வாசகர்)

காந்தத்தில் குறையில்லை. நீண்ட வண்டி எதுவும் வளைவில் பின்சக்கரத்தை உள்பக்கமாக இழுக்கும், சாலையில் ஓடும் உண்மையான பஸ்ஸும் அப்படித்தான். எவ்வளவு உள்வாங்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. காந்தத்திலிருந்து பின் அச்சு வரை உள்ள நீளத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை, வளைவின் ஆரத்தைப் போல இரு மடங்கால் வகுங்கள்.

உங்கள் பஸ்ஸில் காந்தத்திலிருந்து பின் அச்சு வரை 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 200 மி.மீ. என்றால் 6400-ஐ 400-ஆல் வகுக்க 16 மி.மீ. வரும். ஆரம் 150 என்றால் 21 மி.மீ. 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு வழித்தடம் நம் அளவில் 40 மி.மீ.தான். பஸ்ஸின் அகலமே 29 மி.மீ. நடுவில் கம்பி போட்டால் உள்பக்கம் 5 மி.மீ.தான் மிச்சம். பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமல் என்ன செய்யும்?

ஆகவே வளைவு தொடங்கும் முன்பே கம்பியைப் படிப்படியாக வெளி ஓரத்துக்கு நகர்த்துங்கள். வளைவில் தடத்தை 52 மி.மீ.க்குக் குறையாமல் அகலமாக்குங்கள். பஸ்ஸுக்கு 200 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போக வேண்டாம். நேர்க்கோட்டிலிருந்து சட்டென்று வட்டத்தில் நுழையாமல், 8 முதல் 10 செ.மீ. தூரத்துக்கு மெல்ல வளைந்து நுழையும்படி கோடு போடுங்கள். தண்டவாளம் போடுகிறவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

கேள்வி: லெவல் கிராசிங்கில் கம்பியைத் தண்டவாளத்தின் குறுக்கே கொண்டுபோனதும் ரயில் நின்றுவிட்டது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிகிறது. (கோவை வாசகர்)

இரண்டு தண்டவாளங்களும் வழிகாட்டிக் கம்பி வழியாக ஷார்ட் ஆகியிருக்கின்றன. கம்பி இரும்பு, தண்டவாளம் நிக்கல் சில்வர், இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் இரு பக்கமும் 2 மி.மீ. முன்னதாகவே கம்பியை வெட்டி நிறுத்துங்கள். இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு தனித் துண்டு இருக்கலாம், அது எதையும் தொடக் கூடாது. சக்கரத்தின் உள்விளிம்பு ஓடும் பள்ளத்துக்கும் இடம் விட வேண்டும் என்பதால் நடுத் துண்டை 10 மி.மீ.க்குள் வைத்தால் பத்திரம்.

கம்பி இல்லாத அந்தச் சில மில்லிமீட்டரில் பஸ் திசை மாறாமல் இருக்க, சாலை தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். முன்னும் பின்னும் 15 செ.மீ. நேராக இருக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் பஸ் வழிதவறும். பழைய இரும்புத் தண்டவாளம் உங்களிடம் இருந்தால் அதன்மேல் இந்த முறை வேலை செய்யாது. காந்தம் கம்பியை விட்டுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும், பஸ் ரயில் பாதையில் திரும்பப் பார்க்கும். கிராசிங் இருக்கும் பகுதிக்கு மட்டுமாவது நிக்கல் சில்வர் தண்டவாளம் போட்டுவிடுங்கள்.

சாலைத் தளம் தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிட 0.3 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். சமமாக வைத்தால் பெயின்ட் ஏறியபின் உயரம் கூடி, இன்ஜினின் மின் எடுப்பு கெடும்.

கேட் மூடும் நேரக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அடுத்து வரும் கேள்வி எப்போதும் அதுதான். சென்சார் ரயிலைக் கண்டதும் கேட்டை இறக்கினால், கிராசிங் நடுவே இருக்கும் பஸ்ஸின் மேல் கம்பம் விழும். முதலில் நிறுத்த வேண்டியது சாலை. நிறுத்தக் கோட்டிலிருந்து கிராசிங்கைத் தாண்டி முடிக்க 40 செ.மீ., பஸ்ஸின் நீளம் 14 செ.மீ., ஆக 54 செ.மீ. மணிக்கு 40 கி.மீ. என்பது நம் அளவில் விநாடிக்கு 12.8 செ.மீ. கோட்டை அப்போதுதான் தாண்டிய பஸ் வெளியேற 4 விநாடிக்குச் சற்று அதிகமாகும். எனவே:

சென்சார் தூண்டியதும் சாலை நிறுத்தம் வேலை செய்ய வேண்டும். 5 விநாடி கழித்துக் கம்பம் இறங்கத் தொடங்கலாம். இறங்க 3 விநாடி கொடுங்கள். அதன்பின் 2 விநாடி இடைவெளி, பிறகு ரயில். மொத்தம் 10 விநாடி. மணிக்கு 60 கி.மீ.யில் வரும் ரயில் நம் அளவில் விநாடிக்கு 19 செ.மீ. நகரும். அதாவது சென்சார் கிராசிங்குக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். சின்ன லேஅவுட்டில் அவ்வளவு தூரம் கிடைக்காது. அங்கே ரயிலை 30 கி.மீ. வேகத்துக்குக் குறைத்தால் 1 மீட்டர் போதும். கிராசிங் ஒரு நிலையத்தை ஒட்டி இருந்தால் அந்த வேகம் இயல்பாகவும் இருக்கும். இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்டைத் திறக்க, கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு காந்தம், கிராசிங்கைத் தாண்டி ஒரு ரீட் சுவிட்ச். டைமரை நம்பித் திறக்காதீர்கள். ரயில் பாதியில் நின்றுவிட்டால் டைமர் அதை அறியாது.

கேள்வி: பஸ் நிறுத்தத்தில் 12 வோல்ட் ரிலேயின் காயிலைப் பிரித்து சாலைக்கடியில் வைத்தேன். சில நேரம் பஸ் நிற்கிறது, சில நேரம் நிற்பதில்லை. காயில் சூடாகிறது. (சென்னை வாசகர்)

நிறுத்தும் தத்துவம் சரிதான். பஸ்ஸுக்குள் இருக்கும் ரீட் சுவிட்சைக் காந்தப்புலம் தொட்டதும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கிறது. ஆனால் அந்தச் சிறிய 12 வோல்ட் ரிலேயின் காயில் 400 ஓம், 30 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். 5 மி.மீ. பலகையைத் தாண்டி அதன் புலம் மேலே வரும்போது ரீட் சுவிட்சை இழுக்கும் எல்லையிலேயே இருக்கிறது. அதனால்தான் ஒரு முறை நிற்கிறது, மறுமுறை ஓடிவிடுகிறது. வோல்டேஜைக் கூட்டினால் சூடுதான் கூடும், ஃபோம் ஷீட் இளகும்.

காயிலை எடுத்துவிட்டு 9 கிராம் சர்வோ ஒன்றைப் பொருத்துங்கள். எஸ்.ஜி.90 என்று எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டாலே தருவார்கள். அதன் கையில் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் நியோடைமியம் காந்தம். நிற்க வேண்டும் என்றால் காந்தம் சாலைக்கடியில் வரும், கிளம்ப வேண்டும் என்றால் 3 செ.மீ. விலகிவிடும். காந்தம் வரும் இடத்தில் பலகையை அடியிலிருந்து குடைந்து 2 மி.மீ. ஆக்கிவிடுங்கள். சூடு கிடையாது, பஸ் எத்தனை நிமிடம் நின்றாலும் மின்சாரம் ஏறக்குறைய செலவாவதில்லை.

இரண்டு எச்சரிக்கை. நிறுத்தும் காந்தம் வழிகாட்டிக் கம்பியிலிருந்து குறைந்தது 12 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் காந்தத்தைப் பிடித்து இழுத்துவிடும். அதற்கேற்ப ரீட் சுவிட்சையும் பஸ்ஸின் ஓரத்தில், பின்பாதியில் வையுங்கள். முன்பாதியில் வைத்தால் பஸ்ஸின் சொந்த ஸ்டியரிங் காந்தமே அதை இயக்கிவிடும், பஸ் கிளம்பவே கிளம்பாது.

நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் ரீட் சுவிட்ச் பெரும்பாலும் காந்தம் வந்தால் மூடும் வகை. நமக்கு வேண்டியது திறக்கும் வகை. ஏ.ஓ.3401 என்ற பி-சேனல் மாஸ்ஃபெட், அதாவது சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். அதற்கு சோர்ஸ், டிரெய்ன், கேட் என்று மூன்று கால்கள். சோர்ஸ் கால் பேட்டரியின் பாசிட்டிவில், டிரெய்ன் கால் மோட்டாரில், கேட் கால் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவில். ரீட் சுவிட்சை கேட் காலுக்கும் பாசிட்டிவுக்கும் நடுவே இணையுங்கள். காந்தம் இல்லாதபோது மோட்டார் ஓடும், காந்தம் வந்ததும் நிற்கும். கால்கள் மிக நெருக்கமானவை, மெல்லிய நுனியுள்ள சால்டரிங் அயர்ன் வேண்டும்.

கேள்வி: பஸ்ஸின் சின்ன லித்தியம் பேட்டரி இரண்டாவது சார்ஜிலேயே உப்பிவிட்டது. டி.பி.4056 சார்ஜர் போர்டுதான் பயன்படுத்தினேன். (புதுச்சேரி வாசகர்)

போர்டு கெடவில்லை. அது 1 ஆம்பியர் தரும்படி அமைக்கப்பட்டு வருகிறது. 100 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது பத்து மடங்கு. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

போர்டில் சார்ஜ் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 1200-ஐ ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அதை எடுத்துவிட்டு 24 கிலோ ஓம் வைத்தால் 50 மில்லி ஆம்பியர். 100 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது பாதுகாப்பானது, முழுதாக சார்ஜ் ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டி வரும் பேட்டரியையே வாங்குங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல், பஸ் மெதுவாவது தெரிந்தவுடன் எடுத்து சார்ஜில் போடுவது நல்லது.

கேள்வி: பஸ் ரேஸ் கார் போல ஓடுகிறது. எப்படிக் குறைப்பது? (ஈரோடு வாசகர்)

மோட்டாரோடு தொடராக ஒரு 1என்4007 டையோடு சேர்த்தால் 0.7 வோல்ட் குறையும். அதற்கும் மேல் குறைக்க வேண்டியிருந்தால் மோட்டாரையே மாற்றுங்கள். வோல்டேஜை ரொம்பக் குறைத்தால் கிளம்பும்போது திணறும். 11.5 மி.மீ. சக்கரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 210 சுற்று இருந்தால் 40 கி.மீ. வேகம் வரும். சோதிக்க எளிய வழி, ஒரு மீட்டர் சாலையைக் கடக்க 8 விநாடி ஆக வேண்டும். பார்க்க மெதுவாகத் தோன்றும், பக்கத்தில் ரயில் ஓடும்போது அதுதான் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: சைக்கிள்காரரைக் காந்தத்தால் இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் திரும்பிப் பின்னோக்கிப் போகிறார், அல்லது விழுந்துவிடுகிறார். (தஞ்சாவூர் வாசகர்)

உருவத்துக்கு ஒரே காந்தம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒரு காந்தம் இடத்தைத்தான் பிடிக்கும், திசையைப் பிடிக்காது. சைக்கிளின் இரு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்றாக இரண்டு வேண்டும், இடையே 12 மி.மீ. முன்காந்தத்தின் வடமுனை கீழே பார்க்கட்டும், பின்காந்தத்தின் தென்முனை கீழே பார்க்கட்டும். அடியில் ஓடும் காந்த ஜோடியையும் இதற்கு எதிராக, ஈர்க்கும்படி அமைத்தால் சைக்கிள் திரும்பி உட்கார முயன்றாலும் காந்தமே தள்ளிவிடும். ஒட்டுவதற்கு முன் எல்லாக் காந்தங்களின் ஒரே முனையில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள். ஒன்று மாறிப்போனாலும் பசை காய்ந்தபின் பெயர்க்க வேண்டிவரும்.

முழு ஏற்பாடு இப்படி. 3டி பிரிண்டருக்கு விற்கும் ஜி.டி.2 பல்பெல்ட், 6 மி.மீ. அகலம், 852 மி.மீ. சுற்றளவுள்ள மூடிய பெல்ட் ஒன்று. 60 பல் உள்ள கப்பி இரண்டு. ஒவ்வொரு கப்பியின் சுற்றளவும் 120 மி.மீ. என்பதால் இரண்டின் மையங்களுக்கு இடையே 366 மி.மீ. வரும். ஒரு கப்பியின் அச்சை நீள்துளையில் வைத்து, பெல்ட்டை இறுக்க 3 மி.மீ. நகரும்படி விடுங்கள். கப்பிகள் படுத்த நிலையில் சுழல வேண்டும், பெல்ட் விளிம்பில் நிற்கும். கப்பியின் மேல்பக்கத் தகட்டு விளிம்பைக் கழற்றிவிடுங்கள். அது இருந்தால் காந்தத்தைத் தாங்கும் துண்டு இடிக்கும்.

பெல்ட்டின் வழுவழுப்பான வெளிப்பக்கத்தில், 12 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, அவற்றின் தலையில் 4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் காந்தம். இரண்டையும் ஒரே நீளத் துண்டாக ஒட்டினால் கப்பியில் வளையும்போது பிய்ந்து வரும். பெல்ட்டுக்கு ரப்பர் பசைதான் சரி, சூப்பர் குளூ விறைத்து வெடிக்கும். அடுத்த சைக்கிளின் ஜோடி குறைந்தது 40 மி.மீ. தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து பெல்ட்டை முறுக்கும்.

மேலே சாலையாக 1 மி.மீ. ஸ்டைரீன் ஷீட், காந்தத் தலைக்கும் ஷீட்டுக்கும் அரை மி.மீ. இடைவெளி. தடிமனான ஷீட் போட்டுவிட்டுக் காந்தத்தைப் பெரிதாக்கும் வழிக்குப் போகாதீர்கள். இழுவையோடு கீழ்நோக்கிய அழுத்தமும் கூடி, உருவம் தட்டித் தட்டி நகரும்.

மோட்டார் என்20 வகை கியர் மோட்டார். சைக்கிளுக்கு மணிக்கு 15 கி.மீ. வைத்தால் நம் அளவில் விநாடிக்கு 48 மி.மீ., அதாவது கப்பி நிமிடத்துக்கு 24 சுற்று. 30 சுற்று மோட்டாரை வாங்கி வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நடப்பவர்களுக்கு விநாடிக்கு 16 மி.மீ., 8 சுற்று. நடப்பவரையும் சைக்கிளையும் ஒரே பெல்ட்டில் போடக் கூடாது. இருவரும் ஒரே வேகத்தில் போனால் பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும். கால் அசையாத உருவம் நெடுந்தூரம் வழுக்கிப் போவதும் அப்படித்தான். அதனால் நடப்பவர்களை, கடைகளின் தாழ்வாரத்தில் தூண்களுக்குப் பின்னாலோ கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலோ இடுப்புக்குக் கீழே மறையும்படி விடுங்கள். தலையும் தோளும் நகர்வதே போதும். சேலை கட்டிய உருவங்களுக்கு இந்தத் தொல்லையும் குறைவு.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் உராய்வு. பெயின்ட் அடித்த ஷீட்டை 1000 நம்பர் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, உருவத்தின் அடியில் 14 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலத்தில் ஓ.எச்.பி. ஷீட் (வழுவழுப்பான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) துண்டு ஒட்டுங்கள். பெல்ட் கப்பியில் வளையும் இரு முனைகளையும் மரத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் மறைத்துவிடுங்கள். 19 மி.மீ. ஆரத்தில் சைக்கிள் திரும்புவது பார்க்க நன்றாக இராது. ஒன்று உறுதி: இந்தப் பாதையைத் தண்டவாளத்தின் குறுக்கே கொண்டுபோக முடியாது. தண்டவாளமும் ஸ்லீப்பரும் சேர்ந்த உயரத்தைத் தாண்டி அடிக்காந்தத்தின் பிடி வராது. சைக்கிள் கிராசிங்குக்கு முன்பே சந்துக்குள் திரும்பட்டும்.

கேள்வி: பச்சைக் கொடி காட்டும் கேட் கீப்பரை எப்படிச் செய்வது? சர்வோவை இணைத்தேன், சும்மா இருக்கும்போதும் கை நடுங்குகிறது. (திருச்சி வாசகர்)

20 மி.மீ. உயர உருவத்தின் கையை மேலும் கீழும் தூக்க வைப்பது கடினம். கை கிடைமட்டமாக வெளியே வந்து நிற்கும்படி செய்தால் போதும். கையை தோளில் வெட்டி எடுத்து, 0.4 மி.மீ. எஃகுக் கம்பியின் மேல்நுனியில் ஒட்டுங்கள். அந்தக் கம்பி உருவத்தின் முதுகை ஒட்டிக் கீழே இறங்க ஒரு குழாய் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 21 கேஜ் ஊசி அதற்குக் கச்சிதம், வெளிவிட்டம் 0.8, உள்விட்டம் 0.5 மி.மீ. புதிய ஊசி வாங்கி, கூர்முனையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊசியை உருவத்தின் உடை நிறத்தில் பூசிவிட்டால் கண்ணில் படாது. கம்பி சுழன்றால் கை பக்கவாட்டில் வெளியே வரும், கொடி ரயிலை நோக்கித் திரும்பும். கொடிக்கு டிஷ்யூ தாளை நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, பாதி காய்ந்ததும் மடிப்பு விழுமாறு கிள்ளிவிட்டு, பிறகு வண்ணம்.

நடுக்கத்துக்கு இரண்டு காரணம் இருக்கும். சர்வோவுக்கு, அதை இயக்கும் ப்ரோகிராம் ஓடும் ஆர்டுயினோ போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்திருப்பீர்கள். தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், நெகட்டிவை மட்டும் போர்டோடு சேருங்கள், சர்வோவின் மின்கம்பிகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். அடுத்தது, சர்வோ தன் இடத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பது. கை போய்ச் சேர்ந்ததும் அரை விநாடி விட்டு, ப்ரோகிராமில் டிடாச் கட்டளை கொடுத்து சிக்னலை நிறுத்திவிடுங்கள். இந்தக் கைக்கு எடையே இல்லை, தானாக நகராது. ஒவ்வொரு பாகையாக, 20 மில்லி விநாடி இடைவெளியில் திருப்புங்கள். கொடியை வெடுக்கென்று நீட்டுவது யாருடைய அசைவாகவும் தோன்றாது.

கேட் கம்பம் முழுவதும் இறங்கிய பிறகே கொடி வெளியே வரட்டும். கடைசிப் பெட்டி தாண்டும்வரை அப்படியே இருக்கட்டும். பிறகு கொடி உள்ளே போக வேண்டும், அதற்கப்புறம் கம்பம் எழ வேண்டும், கடைசியில்தான் பஸ்ஸுக்கு அடியில் உள்ள காந்தம் விலக வேண்டும்.